இலைத் துருவின் வழி கண்ட அறிஞர் ஹாரி மார்ஷல் வார்டு

திருக்குறளின் நாடு என்னும் அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், விளைநிலத்திற்கு நேரும் கேடுகளை ஆறாக எண்ணுவார். மிகுந்த மழை, மழையின்மை, எலி, விட்டில், கிளி, அரசர்தம் படை அண்மையில் வந்து தங்குதல் என்பன அவை. ஆறும் கண்ணால் காணத்தக்கவை. எலியைப் பொறிவைத்துப் பிடிக்கலாம். கிளியைக் கவண் கொண்டு ஓட்டலாம். ஆயின் ஓர் இலையில் சிறு புள்ளியாகத் தோன்றி, ஒரு பருவத்திற்குள் நாட்டின் பொருள்வளத்தையே வாரிக்கொண்டு போகவல்ல ஏழாவது கேடு ஒன்றும் உண்டு. பூசணமும் பாக்டீரியாவும் பயிர்களுக்கு விளைக்கும் நோயே அது. உழவர் அதன் விளைவை அறிந்திருந்தனர். கருகல் என்றும் துரு என்றும் அதற்குப் பெயரும் இட்டிருந்தனர். அதன் காரணந்தான் நெடுங்காலம் புலப்படாதிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய அறிஞருள்ளும் பலர், அழுகிய பயிரின்மேல் காணப்படும் பூசணம் அழுகலினின்று பிறந்தது என்றே எண்ணினர். அஃதாவது, பூசணம் நோயின் விளைவேயன்றிக் காரணம் அன்று என்பது அவர்தம் முடிபு. 1845ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கு கருகி, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மடிந்தபோது, பூசணமே காரணம் என்று எடுத்துரைத்தவர் இங்கிலாந்தின் பாதிரியார் மைல்ஸ் பெர்க்லி. அவர் சொல்லைக் கேட்டோர் மிகச் சிலரே. 1861இல் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி அவ்வுண்மையைச் சோதனை வாயிலாக நிலைநாட்டினார். டி பாரி காட்டிய சோதனை முறையை ஐரோப்பாவின் ஆய்வுக்கூடத்தினின்று வெப்ப மண்டலத்தின் தோட்டத்துக்குக் கொண்டுசென்ற முன்னோடியே ஹாரி மார்ஷல் வார்டு. அவர் ஆய்வுசெய்த தோட்டங்கள் இருந்தது இலங்கையின் மலைநாட்டில். அத்தோட்டங்களில் உழைத்தவர்களோ நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். ஆதலின் அவருடைய வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

வார்டு 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். தந்தை ஓர் இசைவாணர். செல்வக் குடும்பம் என்று சொல்வதற்கில்லை. இலண்டன் சவுத் கென்சிங்டனில் டி. எச். ஹக்ஸ்லி நடத்திய உயிரியல் வகுப்புகள் இவருடைய வாழ்வைத் திசை திருப்பின. நூலைப் படித்து ஒப்புவிப்பதை விட்டு, உயிர்ப்பொருளை அறுத்தும் நுண்ணோக்கியில் வைத்தும் கற்பிக்கும் புதுமுறையை அங்கு ஹக்ஸ்லி புகுத்தியிருந்தார். பின்னர் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் பயின்று, 1879இல் இயற்கை அறிவியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகருக்குச் சென்று, தாவர உடலியலில் அந்நாளில் ஒப்பற்று விளங்கிய சாக்ஸ் என்பாரிடம் பயின்றார். அக்காலையில்தான் இலங்கை அரசின் அழைப்பு வந்தது.

அவ்வழைப்பின் பின்னணியை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும். காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடு. அதனைப் பயிரிட்டு உலகிற்கு ஒரு பானமாக அளித்தவர்கள் யமன் நாட்டு அரபியர். காப்பி என்னும் சொல்லே கஹ்வா என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. இலங்கைக்கும் காப்பியை முதலில் கொண்டு சேர்த்தவர்கள் அரபு வணிகரே என்பர். எனினும் அது பெருந்தோட்டப் பயிரானது 1830களுக்குப் பின்னர், ஆங்கிலேயர் ஆட்சியில்தான். கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் காடுகள் வெட்டியும் எரித்தும் அகற்றப்பட்டன. எங்கு நோக்கினும் காப்பி, காப்பியன்றி வேறில்லை என்னும் நிலை வந்தது. 1870இல் அத்தீவின் காப்பி ஏற்றுமதி ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர். 1878ஆம் ஆண்டளவில் பயிரிட்ட பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர்.

இப்பெருக்கத்தைத் தோளில் சுமந்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்ற ஏழை மக்கள். கடலைப் படகில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். காப்பி, பருவத்தில் பழம் பறிக்கும் பயிர். ஆதலின் பெரும்பாலோர் பறிப்புக் காலத்தில் சென்று, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதே வழக்கமாக இருந்தது. இவ்வழக்கத்தை நாம் நினைவில் கொள்ளவேண்டும். ஒரு பூசணம் இதனை மாற்றிவிட்டது.

1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டம் ஒன்றில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. புள்ளி விழுந்த இலைகள் உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ், அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பெர்க்லிக்கு அனுப்பினார். உருளைக்கிழங்கு நோயில் பூசணத்தைக் கண்டவரும் அவரே என்பதை மேலே கண்டோம். பெர்க்லியும் அவர் நண்பர் புரூமும் அதனை அறிவியலுக்குப் புதியதான ஒரு பூசணம் எனக் கண்டு, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயர் சூட்டினர். அதன் வித்து ஆரஞ்சுச் சுளையின் வடிவுடையது. ஒருபுறம் வழவழப்பும் மறுபுறம் முள்போன்ற சொரசொரப்பும் கொண்டது. பாதி வழவழப்பானது, பாழ்படுத்துவது என்பதே அப்பெயரின் பொருள். இலத்தீன் பெயர் நாவில் புரளாத தோட்டத் துரைமார், நாசக்கார எமிலி என்று அதனை ஒரு பெண்ணின் பெயராக்கிக் கேலி பேசினர். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நோய் தீவின் காப்பிப் பகுதிகள் அனைத்தையும் பற்றிக்கொண்டது. தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களிலும் அது தோன்றிற்று.

நோயைக் குறித்துத் தோட்டக்காரரிடையே கருத்துகள் பல உலவின. மண்ணின் வளம் குன்றியதே காரணம் என்றனர் சிலர். பருவம் பிறழ்ந்தது என்றனர் வேறு சிலர். எருவிட்டால் மரம் தேறும் என்று பெரும்பொருள் செலவிட்டவர் பலர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தனர். எதனாலும் துரு நிற்கவில்லை. அப்போதுதான், பூவாத் தாவரங்களை ஆராயவல்ல அறிஞர் ஒருவரை அனுப்பவேண்டும் என்னும் வேண்டுகோள் இங்கிலாந்துக்குச் சென்றது. கியூ தாவரவியற் பூங்காவினர் வார்டைப் பரிந்துரைத்தனர். 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்திறங்கியபோது அவருக்கு வயது 26கூட நிறையவில்லை. ஒரு தீவின் செல்வம் முழுதும் அவ்விளைஞரின் நுண்ணோக்கியை எதிர்நோக்கியிருந்தது.

இரண்டாண்டுக் காலம் அவர் செய்த பணி, பயிர்நோய் ஆய்வு எங்ஙனம் நடைபெறவேண்டும் என்பதற்கு இன்றளவும் பாடமாக வைக்கத்தக்கது. மருந்தைத் தேடுவதற்கு முன் பகைவனின் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் இறுதிவரை அறியவேண்டும் என்பதே அவர் கொண்ட நெறி. நலமான காப்பி இலையில் நீர்த்துளி ஒன்றை வைத்து, அதில் துருவின் வித்துகளை இட்டு, மணிக்கணக்காக நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். நீர் இருந்தால் வித்து முளைத்து நூலிழை போன்ற குழல் ஒன்றை நீட்டியது. நீர் வற்றினால் மடிந்தது. முளைத்த குழல் இலையின் தோலைத் துளைக்கவில்லை. இலை மூச்சுவிடும் நுண்துளையைத் தேடி, அத்துளை வழியே உள்ளே புகுந்தது. காப்பி இலைக்கு அத்துளைகள் அடிப்புறத்திலேயே உண்டு. உட்புகுந்த பூசணம் இலைத் திசுவினூடே கிளைத்துப் பரவி, உயிரணுக்களுள் உறிஞ்சிகளைச் செலுத்தி உணவைக் கவர்ந்தது. இரண்டு மூன்று வாரங்களில், வித்து இட்ட அதே இடத்தில் மஞ்சள் புள்ளி எழுந்து புதிய வித்துகளை உமிழ்ந்தது. வித்து இடாத இலைகள் நலமாகவே இருந்தன.

நோய் மண்ணிலிருந்தோ மரத்தின் முதுமையிலிருந்தோ பிறக்கவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. ஒவ்வொரு புள்ளியும் வெளியிலிருந்து வந்த வித்தினால் உண்டாவது. வெளியிலிருந்து எவ்வாறு வருகிறது? இதற்கும் வார்டு எளியதொரு வழியை மேற்கொண்டார். பசையுள்ள பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் ஆங்காங்கே தொங்கவிட்டார். பின்னர் அவற்றை நுண்ணோக்கியில் வைத்து நோக்க, காற்றில் மிதந்துவந்த துருவித்துகள் அவற்றில் ஒட்டியிருக்கக் கண்டார். காற்றே தேர், மழைத்துளியே வாயில் திறக்கும் சாவி. பருவமழை வீசும் திங்கள்களில் நோய் பெருகுவதன் காரணமும் அதனால் விளங்கிற்று.

எருவினால் ஏன் பயனில்லை, தூவிய மருந்து ஏன் பொய்த்தது என்பனவும் அவருடைய ஆய்வால் விடை பெற்றன. எரு மரத்துக்கு உரமூட்டுமேயன்றிப் பூசணத்தைத் தடுக்காது; தழைத்த புதிய இலைகள் பூசணத்துக்கு மேலும் இரையாகும். பூசணத்தின் உடல் இலைக்குள் இருப்பதால், அது புகுந்தபின் மேலே தூவும் பொருள் அதனைத் தீண்டாது. வித்து முளைத்துத் துளைக்குள் புகுமுன்னர், அதுவும் இலையின் அடிப்புறத்தில், அதனை அழிக்கவேண்டும். இலட்சக்கணக்கான ஏக்கரில், சரிவான மலைகளில், மழைக்காலத்தில், ஒவ்வோர் இலையின் அடிப்புறமும் நனையுமாறு மருந்து தெளிப்பது அந்நாளில் கருதற்கும் அரியது.

அவர் மேலும் ஓர் உண்மையைச் சுட்டினார். எத்தியோப்பியக் காட்டில் பிற மரங்களின் நிழலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளரும் செடியை, மலைத்தொடர் முழுவதும் இடைவெளியின்றி நட்டுவைத்தால், காற்றில் வரும் வித்து எங்கு விழுந்தாலும் அதற்கு விருந்தே காத்திருக்கும். காற்றைத் தடுக்கும் மரவரிசைகளும் இல்லை. இவ்வாறு நோய் பெருகுவதற்கான களத்தை மனிதரே அமைத்துக் கொடுத்திருந்தனர். ஒற்றைப் பயிரின் பேரிடரை இத்துணைத் தெளிவாக விளக்கிய ஆய்வு அதற்கு முன் அரிது எனலாம்.

மூன்று அறிக்கைகளில் இவற்றையெல்லாம் வார்டு அரசுக்கு எழுதியளித்தார். தோட்டக்காரர்கள் எதிர்பார்த்ததோ ஒரு மருந்து. மருந்து இன்னது என்று அவரால் சொல்ல இயலவில்லை. சொல்ல இயலாததைச் சொல்வதாகப் பாவனை செய்யவும் அவர் உடன்படவில்லை. ஏதேனும் ஒரு பொடியை நம்பிக்கையோடு பரிந்துரைத்திருந்தால் சில ஆண்டுகளுக்கேனும் துரைமாரின் பாராட்டைப் பெற்றிருப்பார். கடனிலும் கவலையிலும் மூழ்கியிருந்தவர்கள் முன்னே, காரணத்தை அறிந்தேன், தீர்வு என்னிடம் இல்லை என்று நிற்பதற்கு ஓர் இளைஞனுக்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! என் கருத்தில் வார்டின் வாழ்வில் மிக உயர்ந்த பகுதி இதுவே. 1882இல் அவர் தாயகம் திரும்பினார்.

காப்பி வீழ்ந்தது. 1884இல் தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் முறிந்தது. 1890ஆம் ஆண்டளவில், இருபதாண்டுகளுக்கு முன் ஏற்றுமதியான காப்பியில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. கூலி நிலுவையில் நிற்க, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியறியாது தவித்த தொழிலாளர் நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை. துரைமார் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்த்தனர். பின்னர்த் தேயிலைக்கு மாறினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அந்நூற்றாண்டின் முடிவில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய பயிர். பறிப்புப் பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழர், இனிக் குடும்பத்தோடு லயங்களில் தங்கவேண்டியவராயினர். மலையகத் தமிழர் என்னும் நிலைத்த சமுதாயம் உருவானதில் இம்மாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு. வரலாற்று நூல்களில் இதனைப் படிக்கும்போது, அதன் பின்னே ஓர் இலையின் அடிப்புறத்துப் புள்ளி இருந்ததை நாம் எண்ணுவதில்லை.

காலத்தின் விளையாட்டு ஒன்றையும் இங்குக் குறிப்பிடவேண்டும். வார்டு இலங்கையை விட்டு மூன்றாண்டுகள் கழிந்தபின், 1885இல் பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுப்பதை வெளியிட்டார். போர்டோக் கலவை எனப்படும் அதுவே பின்னாளில் காப்பித் துருவுக்கும் காப்பாக அமைந்தது. நோய் வருமுன் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கவேண்டும் என்பதே அதனைப் பயன்படுத்தும் முறை. வார்டு சொன்ன இடத்தில், வார்டு சொன்ன வேளையில் தெளித்தால்தான் அம்மருந்தும் பலிக்கிறது.

இங்கிலாந்தில் வார்டின் எஞ்சிய வாழ்வு ஓய்வறியாத உழைப்பு. ஓவன்ஸ் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றியபின், 1885இல் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த இராயல் இந்தியப் பொறியியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். இந்திய வனத்துறைக்குச் செல்லும் அலுவலர்கள் அங்குப் பயிற்சி பெற்றனர். 1888இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1893இல் அச்சங்கத்தின் இராயல் பதக்கமும் கிட்டிற்று. 1895இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பதவி வந்தது. அங்கு அவர் முயற்சியால் எழுந்த புதிய தாவரவியற் கூடம் 1904இல் திறக்கப்பட்டது.

1888இல் லில்லிச் செடியின் நோயை ஆராய்ந்தபோது, பூசணம் ஒருவகை நொதியைச் சுரந்து செடியின் அணுச்சுவரைக் கரைத்துக்கொண்டு உள்ளே செல்கிறது என்று காட்டினார். இஞ்சிப் பானத்தைப் புளிக்கவைக்க ஆங்கிலேயர் வீடுகளில் பயன்படுத்திய கட்டி ஒன்றை ஆராய்ந்து, அது தனி உயிர் அன்று, ஒரு நொதிக்காளானும் ஒரு பாக்டீரியாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் கூட்டு என 1892இல் வெளியிட்டார். தேம்ஸ் ஆற்று நீரின் பாக்டீரியாக்களை ஆராயப் புகுந்து, அடைப்பான் நோய்க்கிருமியின் வித்துகளைச் சூரிய ஒளி கொல்லும் என்றும், ஒளியின் நீல, ஊதாப் பகுதிக்கே அவ்வாற்றல் மிகுதி என்றும் நிறுவினார்.

எனினும் அவர் மனம் இறுதியில் மீண்டும் துருவுக்கே திரும்பியது. அந்நாளில் சுவீடன் நாட்டு அறிஞர் எரிக்சன், துருப்பூசணம் விதைக்குள்ளேயே செடியின் உயிர்ப்பொருளோடு கலந்து மறைந்திருந்து பின்னர் வெளிப்படுகிறது என்று கூறிவந்தார். அது மெய்யாயின், நோய் வெளியிலிருந்து வருகிறது என்று இலங்கையில் கண்டதன் அடிப்படையே ஐயத்துக்குரியதாகும். புரோமஸ் என்னும் புல்வகைகளில் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, எரிக்சன் கொள்கைக்குச் சான்றில்லை என வார்டு காட்டினார். அவ்வாய்விலேயே வேறொன்றும் வெளிப்பட்டது. ஒரு புல்லினத்தைத் தாக்கும் துரு இன்னொன்றைத் தாக்குவதில்லை. எதிர்ப்பும் இணக்கமும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. கேம்பிரிட்ஜில் அவருடைய மாணவராயிருந்த ரோலண்டு பிஃபன், கோதுமையின் துரு எதிர்ப்பாற்றல் மெண்டல் கண்ட மரபு விதிப்படி வழிவழி வருகிறது என 1905இல் வெளியிட்டார். நோயெதிர்ப்புள்ள பயிரினங்களை உருவாக்கும் இன்றைய முயற்சிகளின் ஊற்றுக்கண் அங்கேதான் உள்ளது.

நலிவுற்ற உடலோடு உழைத்த வார்டு, 1906 ஆகஸ்ட் 26 அன்று டார்கியில் காலமானார். அப்போது வயது 52. இமயமலைச் சாரலிலும் பர்மாவிலும் திபெத்திலும் அலைந்து அரிய மலர்ச்செடிகளை உலகுக்கு அறிமுகப்படுத்திய பிராங்க் கிங்டன் வார்டு இவருடைய மகனே.

காப்பித் துரு அவரோடு மறையவில்லை. கர்நாடக மாநிலம் பாலேஹொன்னூரில் 1925இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மெயின் என்னும் அறிஞர், எதிர்ப்பாற்றல் கொண்ட காப்பி இனத்தையும் தாக்கவல்ல புதிய வகைகள் இப்பூசணத்துள் இருப்பதை 1930களில் கண்டறிந்தார். 1970இல் கடல்கடந்து பிரேசில் நாட்டில் துரு தோன்றிற்று. 2012இல் நடு அமெரிக்க நாடுகளில் பெருங்கேடு விளைத்து, பல்லாயிரம் தொழிலாளரை வேலையிழக்கச் செய்தது. கோதுமைத் துரு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை வேறொரு செடியில் கழிப்பது போல, காப்பித் துருவுக்கும் இரண்டாவது செடி ஒன்று இருக்கக்கூடும் என்பதையும் வார்டு இலங்கையிலேயே ஆராய்ந்தார். அப்பூசணத்தின் மற்றொரு வகை வித்துகளை முளைக்கவைத்துக் காப்பி இலைமேல் இட்டபோது அவை பற்றவில்லை. எந்தச் செடியில்தான் அவை பற்றும் என்னும் வினாவுக்கு இன்றுவரை எவரும் விடை காணவில்லை.